தர்மச் சோறு

இன்று பகல் மணி அடித்ததும் வழக்கம்போல, "தர்மச் சோத்துப் பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க" என்று கூப்பிட்டேன். எங்கள் சாந்தோம் பள்ளியில் எனக்கு முன்னாலிருந்தே அப்படித்தான்.

மீனவர் குப்பத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ரோஸி மட்டும் எழுந்திருக்கவில்லை. இலவசச் சாப்பாட்டுப் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது.

"பசிக்கலையா?" என்றேன்.

"பசிக்குது டீச்சர். ஆனா நாங்க தர்மம் வாங்க மாட்டோம். எங்க நைனாவுக்குக் கட்டுமரம் கீது."

ஒரு வாரமாகக் கடல் சரியில்லை. அந்தக் கட்டுமரம் மணலில் கிடப்பதைக் காலையில் நானே பார்த்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. வாசலில் நின்று மறுபடி கூப்பிட்டேன்.

"சாப்பிடப் போறவங்க கை கழுவிட்டு வாங்க."

ரோஸிதான் முதலில் ஓடினாள்.

ஹெட்மாஸ்டர் வந்தார். "யுத்த காலத்துல சோறு போடறதே பெரிசு. ரிஜிஸ்டர்ல தர்மச் சாப்பாடுன்னுதானே இருக்கு? நீங்க எப்படி மாத்தலாம்?"

"ரிஜிஸ்டர்ல இருக்கட்டும் சார். என் வாயால இனிமே சொல்ல மாட்டேன்."

மேலிடத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார். எழுதட்டும்.

அப்போது அவர் வீட்டிலிருந்து கேரியர் வந்தது. பியூன் வாசலில் நின்று, "சார், சாப்பாடு வந்துட்ச்சு" என்றான்.

மற்றப் பள்ளி ஆசிரியர்களே, உங்கள் பள்ளிகளில் பிள்ளைகளைச் சாப்பிட எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?