சித்தியின் ‘போதல’ பாட்டு

ஊர் ஊராய்ச் சுற்றிவிட்டு வந்து, சித்தி வீட்டில் தங்கினேன். நான் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. சித்தியும் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவே நடப்பாள்.

சித்திக்குச் சலவை ஆலையில் வேலை. ஓட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகள் மலை மலையாக வரும். ஈர விரிப்பின் ஒரு முனையைச் சித்தியும் மறுமுனையை ‘நெட்டை’ என்ற அவள் தோழியும் பிடித்து, கொதிக்கும் இஸ்திரி உருளைக்குள் விட வேண்டும். துணி சிக்கினால் ‘டி-டி-டூ’ என்று ஒலி எழும்பும். அதைக் கேட்டதும் யாராக இருந்தாலும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிவிட வேண்டும். கை உருளைக்குள் போய்விடாமலிருக்க அங்கே அதுதான் சட்டம். சித்தப்பாவும் அதே ஆலையில், துவைக்கும் பக்கம் வேலை பார்த்தார்.

யாரோ வேண்டாமென்று கொடுத்த கீபோர்டில் சித்தி ஒரு பாட்டு கட்டியிருந்தாள். நான் போன இடங்களில் இந்த மாதிரிப் பாட்டை சின்த்பாப் என்பார்கள். உருளை சுற்றும் வேகம்தான் தாளம். ஒவ்வொரு அடி தொடங்கும்போதும் அந்த ‘டி-டி-டூ’ வரும். கேட்டால் கால் சும்மா இருக்காது. வரிகளோ வேறு மாதிரி.

எல்லாம் இருக்கு, எதுவும் போதல
ஜன்னல் திறந்தேன், காத்தும் போதல
பக்கத்துல ஆள் இருக்கு, பேச்சு போதல

மூன்றாவது வரியில் வந்தது வினை.

“பக்கத்துல ஆள்னா யாரு?” என்றார் சித்தப்பா.

“ஆள்தான்.”

“உன் பக்கத்துல நான்தானே இருக்கேன்?”

“நாள் பூரா நெட்டைதான் இருக்கா. நீங்க குறட்டை விடறப்பதான் இருக்கீங்க.”

நெட்டையைக் கேட்டால், “என்னைத்தான்டி குத்திக்காட்டறா! நான் பேசறது பத்தலையாம். பேசிப் பேசியே எத்தனை விரிப்பு கருகிப் போச்சு!” என்றாள். மேற்பார்வையாளருக்கோ அது சம்பளத்தைப் பற்றிய பாட்டு.

“நிஜமா யாரைப் பத்தி சித்தி?” என்று நான் கேட்டேன்.

“யாரைப் பத்தியும் இல்லடி. விரிப்பு உள்ள போகுது, வெளிய வருது, அடுத்தது போகுது. ஒருநாள் அப்படியே மூச்சு முட்டிச்சு. வீடு இருக்கு, இவரும் நல்ல மனுஷன். அப்படியும் உள்ள என்னமோ அரிக்குது. அதுக்கு ஒரு பேர் தெரிஞ்சிருந்தா டாக்டர்கிட்ட போயிருப்பேன். தெரியல. பாட்டு கட்டிட்டேன்.”

ஆலையின் ஆண்டு விழாவில் பாடப் பெயர் கொடுத்தாள்.

“அந்த வரிய மட்டும் எடுத்துடு,” என்றார் சித்தப்பா. “ நாலு பேர் முன்னாடி என் மானம் போகும்.”

“அத எடுத்தா பாட்டே இல்லங்க.”

“அப்ப நான் வரல.”

பேச்சு போதல என்று அவள் பாடியதற்கு, இருந்த பேச்சையும் விழா வரைக்கும் நிறுத்திவிட்டார் சித்தப்பா.

ஆனால் வந்தார். மண்டபத்தின் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேடைக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த பிளக் பாயிண்ட் லொடலொட. பிளக்கைச் செருகினால் நழுவி விழுந்தது, கீபோர்டு அணைந்தது. எங்கே எது பழுதானாலும் கூப்பிடுவது சித்தப்பாவைத்தான். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே போய், பிளக்கைச் சுவரோடு அழுத்திப் பிடித்து, சுவரைப் பார்த்தபடி நின்றார். அவர் கையை எடுத்தால் பாட்டு இல்லை.

டி-டி-டூ.

பாட்டு செத்தது. பிளக் தரையில் கிடந்தது. சித்தி சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

“வேணும்னேதானே பண்ணீங்க?” என்றாள் மைக்கிலேயே.

“ஐயோ, இல்லம்மா! கை தானா...”

அவருடைய இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன. சித்தி மண்டபத்தைப் பார்த்தாள். ஆலை மொத்தமும் கைகளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மேற்பார்வையாளர் உட்பட. நெட்டையின் கை எல்லோருக்கும் மேலே. முதலில் சிரித்தது சித்திதான்.

“மறுபடி ஆரம்பி,” என்றார் சித்தப்பா.

“மறுபடியும் தூக்குவீங்களே!”

அவர் என்னைக் கூப்பிட்டார். “இந்தாம்மா, இங்க அந்தச் சத்தத்துக்குத் தூக்காத கை உன்னோடதுதான். வந்து என் மணிக்கட்ட அமுக்கிப் பிடி.”

பிடித்தேன். டி-டி-டூ வந்ததும் அவர் கை மீன் போலத் துள்ளியது. இறுக்கினேன். மண்டபத்தில் மறுபடியும் எல்லாக் கைகளும் எழுந்தன. முதல் வரி போனது, இரண்டாவது போனது. மூன்றாவது வந்தபோது நான் அழுத்தத் தேவையே இருக்கவில்லை. அவரே பிளக்கைச் சுவருக்குள் தள்ளிவிடுவது போலப் பிடித்திருந்தார். சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, “அந்த வரி நல்லாத்தான் இருக்கு. ஆனா அது நான் இல்லையே?” என்றார்.

“கொஞ்சம் நீங்களும்தான்.”

சித்தப்பா துவைக்கும் இயந்திரத்தில் தண்ணீர் ஏறாத குழாய் ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. வீடு வந்தது. சித்தி நிற்காமல் தாண்டிப் போனாள்.

“ஏய், வீடு இங்க இருக்கு!”

“தெரியுங்க,” என்றாள், நடந்துகொண்டே. “குழாய்க்கு அப்புறம் என்ன ஆச்சு?”

எடுத்த சாவியைப் பையிலேயே போட்டுக்கொண்டு அவர் பின்னால் ஓடினார்.