அப்பாவுக்குக் கேட்காத சத்தங்கள்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில் அடையாற்றில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் எனக்குப் பயிற்சி கிடைத்தது. வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளாகப் பார்த்து, அரசுக் கல்லூரிகளிலிருந்து எடுத்திருந்தார்கள். ஒரே ஊரில் ஒரு தெரு ஆட்களுக்கு வருகிற நோய் அடுத்த தெரு ஆட்களுக்கு ஏன் வருவதில்லை என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. என்னோடு சேர்ந்த நொச்சிக்குப்பத்துப் பெண்ணை மீன் விற்கிற பெண்களின் ரத்த அழுத்தம் பார்க்க அனுப்பினார்கள். எனக்கு ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகள். இரைச்சலில் வேலை செய்கிறவர்களின் காது எப்படி இருக்கிறது என்று சோதிக்க வேண்டும்.

எங்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் ஒரு டாக்டர். மேடம் என்று கூப்பிடுவோம். என் வீட்டில் யாராவது பட்டறையில் வேலை செய்கிறார்களா என்று அவர் கேட்டார்.

"எங்கப்பா, மேடம். தகடு அடிக்கிற பிரஸ்ல இருக்காரு. ஈக்காட்டுத்தாங்கல்தான்."

"அப்போ, உன் சொந்தக்காரர்ங்கிறதால அவரை நம்ம ஆய்வுல சேர்க்க முடியாதும்மா. ஆனா பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி நீ மெஷினைப் பழகணும். பழகுறதுக்கு அவரைக் கூட்டிட்டு வாயேன்."

நாங்கள் அபிராமபுரத்தில் ஒரு சந்தில், மாடியில் ஒற்றை அறையும் சமையல்கட்டுமாக ஒரு வீட்டில் குடியிருந்தோம். அப்பாவும் நானும் மட்டும். அதற்கு முந்தின வருடம் ஐப்பசியில் அம்மா இறந்துபோனாள். மழை வருகிறது என்று மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனவள், இறங்கி வரும்போது படிக்கட்டுத் திருப்பத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் அண்ணனும் வெளியே போயிருந்தோம். அப்பா வீட்டுக்குள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்வீட்டு அக்கா தன் துணியை எடுக்க மேலே ஏறியபோதுதான் அம்மாவைப் பார்த்தாள். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பந்தலுக்குக் கீழே அந்த அக்கா அழுதுகொண்டே சொன்னாள். "யோவ் யோவ்னு கூப்ட்டுகினே இருந்துச்சுப்பா. அவுரு வூட்லதானே கீறாருன்னு நான் கண்டுக்கல."

அம்மா அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு நேராக அப்பாவிடம் போனான்.

"நீ இன்னா பண்ணிக்கினு இருந்த நைனா?"

"அவ கூப்புடலடா."

"கீழ் வூட்டு வரைக்கும் கேட்டுக்கீது."

"கூப்புடவே இல்லடா. கூப்ட்டிருந்தா போயிருக்க மாட்டனா?"

அதை அப்பா எல்லோரிடமும் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. அம்மா உயிரோடிருந்த நாளிலேயே அவர் அப்படித்தான். சோறு போடட்டுமா என்று கேட்டால் பதில் வராது. ஒன்றுக்கு மூன்று தடவை கேட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். கல்லு மாதிரி உக்காந்திருப்பாரு என்று அம்மா அலுத்துக்கொள்வாள். டிவியை அலறவிடுவதைப் பற்றித் தினமும் சண்டை நடக்கும். அவர் குணம் அது என்றே நாங்கள் வளர்ந்தோம். காரியம் முடிந்ததும் அண்ணன் தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு தி.நகருக்குப் போய்விட்டான். அங்கே ஒரு துணிக்கடையில் அவனுக்கு வேலை. கூட வேலை செய்கிற பையன்களோடு அறையில் தங்கிக்கொண்டான். அம்மாவுக்குப் படையல் போடுகிற நாளில் வருவான். அப்பாவிடம் பேசமாட்டான்.

பயிற்சிக்கு உதவி என்று சொன்னதும் அப்பா மறுக்காமல் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அடையாற்றுக்கு வந்தார். கல்யாணங்களுக்குப் போடுகிற சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். மற்ற பயிற்சிப் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னபோது கூச்சப்பட்டுக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார்.

மெஷின் ஒன்றும் பெரியதல்ல, ஒரு சின்னப் பெட்டி. காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிடுவோம். சத்தம் கேட்கும்போதெல்லாம் அதை அழுத்த வேண்டும். முதலில் பெரிய சத்தம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவோம். அப்பா ஒன்றையும் விடாமல் அழுத்தினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் காதுக்கே கேட்குமோ கேட்காதோ என்கிற அளவுக்குக் குறைத்தபோதும் அழுத்தினார்.

மேடம் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் வந்து, "அவர் உன் கையைப் பார்த்து அழுத்துறாரும்மா. நாற்காலியைத் திருப்பிப் போடு" என்றார்.

நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். மறுபடியும் ஆரம்பித்தேன். தவில் மாதிரி கனத்த சத்தங்களுக்கு அவர் கட்டைவிரல் அசைந்தது. விசில் மாதிரி கீச்சென்ற சத்தங்களுக்கு வந்தபோது அசையவில்லை. கூட்டினேன். இன்னும் கூட்டினேன். ஹெட்போனிலிருந்து கசிந்து எனக்கே கேட்கிற அளவுக்குக் கூட்டிய பிறகும் அவர் சுவரைப் பார்த்தபடி, அடுத்தது எப்போது வரும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேடம் அப்பாவுக்கு எதிரே அமர்ந்து, உதடு தெரியும்படி நிதானமாகப் பேசினார். பிரஸ் சத்தத்தில் வருடக்கணக்காக நின்றதால் காதின் உள்நரம்பு போய்விட்டது, போனது திரும்பாது, காதில் மெஷின் வைத்தால் ஓரளவு கேட்கும் என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"கம்பெனிக்குச் சொல்லிடுவீங்களா மேடம்?" இதை மட்டும்தான் கேட்டார்.

தனக்குக் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட.

அவரை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு நான் மேடத்திடம் திரும்பிப் போனேன். "வீட்டுல டிவி ஓடும்போது, மாடிப்படியில இருந்து ஒரு பொம்பள கூப்பிட்டா இவருக்குக் கேக்குமா மேடம்?"

அவர் என் முகத்தையே பார்த்தார். "குறிப்பிட்ட ஒரு நாள் என்ன நடந்துச்சுன்னு இந்த மெஷின் சொல்லாதும்மா. ஆனா கேட்டிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி."

மறுநாள் தி.நகருக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அண்ணனுக்கு நேரமே இல்லை. கடையின் பின்சந்தில், அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டான். பாதியில் டப்பாவை மூடிவிட்டான்.

"மெய்யாலுமா?"

"நானே டெஸ்ட் பண்ணேன்ணா."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் போனான். அந்த வாரமே லீவு கேட்டு வாங்கி வீட்டுக்கு வந்தான். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, இருவர் முகமும் நேருக்கு நேர் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, சத்தமாகப் பேசினான்.

"மன்னிச்சிடு நைனா. ஒனக்குக் காது கேக்கலன்னு எனுக்குத் தெரியாது. அம்மா கூப்ட்டது ஒன் காதுல வுழவே இல்ல. ஒன் மேல தப்பு இல்ல நைனா."

அப்பா அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப அவ கூப்ட்டாளா?"

கூப்பிடவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது சாக்கு அல்ல. காது மந்தம் என்று தெரிந்தும், அவள் கத்திக் கூப்பிட்டிருந்தால் தனக்குக் கேட்டிருக்கும் என்றே அவர் நம்பியிருந்தார். வலி தெரியாமல், ஒரு நொடியில் அம்மா போய்விட்டாள் என்று நினைத்துத்தான் அவர் சாப்பிட்டார், தூங்கினார், வேலைக்குப் போனார். ஊரே திட்டியபோதும் அந்த ஒன்று அவரிடம் இருந்தது. அதை நான் பிடுங்கிவிட்டேன்.

அம்மா செத்தபோது அழாதவர் அன்றைக்கு அழுதார். அண்ணன் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டான். நான் அடுப்பங்கரைக்குப் போய் நின்றேன்.

அண்ணன் வீட்டோடு வந்துவிட்டான். அந்தக் கோடை முழுவதும் ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டிருந்தவர்கள் அதை எடுத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். எல்லோரையும் முதலிலேயே சுவரைப் பார்க்க உட்கார வைத்தேன். மேடம் சொல்லி அனுப்பிய இடத்தில் அப்பாவுக்கும் ஒரு காது மெஷின் கிடைத்தது. பட்டறையில் அதைப் போட முடியாது. வீட்டில் போட்டால், பாத்திரம் வைக்கிற சத்தம்கூடத் தலைக்குள் அடிக்கிறது என்று கழற்றி வைத்துவிடுவார்.

பயிற்சி முடிகிற சமயத்தில் ஒருநாள் சாயங்காலம், அந்த மெஷினை மாட்டிக்கொண்டு அப்பா கீழே இறங்கிப் போனார். கீழ்வீட்டு அக்கா வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். நான் மேலே கைப்பிடிச் சுவரருகே நின்றிருந்தேன்.

"யம்மா, அன்னிக்கு அது இன்னான்னு கூப்ட்டுச்சு? மெய்யச் சொல்லு."

அக்கா பூ கட்டுவதை நிறுத்தினாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "ஒன்னிய இல்லண்ணே. முருகா முருகான்னு சாமியத்தான் கூப்ட்டுச்சு. நான்தான் அப்போ தப்பா சொல்லிட்டேன்" என்றாள்.

அப்பா மேலே வந்து, "சாமியக் கூப்ட்டாளாம்" என்று என்னிடம் சொன்னார். நம்பியதுபோல் தெரியவில்லை. ஆனாலும் மறுநாள் வேலை விட்டு வரும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்து, அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் மேலே ஏறினார்.