ராஜநாயகத்தின் ரதியும் சுந்தரம்மாவின் ரதியும்

என் தங்கை சுந்தரம்மா வென்றவை இவை. 1981இல், பெயர் வைக்க அவசரப்பட வேண்டாம் என்று மருத்துவிச்சி சொன்ன பிறகும், உயிர். 2011இல், ஒரு சிறுத்தையிடமிருந்து எங்கள் ஆடு. ஆட்டுக்கு ஒரு காது குறைவு. 2017இல், தேயிலைக் கொழுந்து பறிக்கும் போட்டியில் பெருவிரலில் கட்டுடன் இரண்டாம் இடம். முதலிடம் பெற்றவருக்குக் கட்டு இருக்கவில்லை. 2023இல், தன் கணவர் ராஜநாயகத்திடமிருந்து ரதி வேடம்.

கடைசியில் உள்ளதுதான் மிகவும் கடினமானது. அதை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகும் பாதையில் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி நாற்பது நிமிடம் ஏற வேண்டும். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். தவத்தைக் கலைத்த காமனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரிப்பார். காமனின் மனைவி ரதி அழுவாள். ரதியாக எப்போதும் ஓர் ஆண்தான் வருவார். பத்தொன்பது வருடம் ராஜநாயகம் வந்தார். மாசியில் மட்டும் மீசையை எடுப்பார். நன்றாக அழுவார். நானே இரண்டு முறை சேர்ந்து அழுதிருக்கிறேன்.

அந்த ரதியைத் தேடித்தான் கொழும்பிலிருந்து ஷெனாலி என்ற பெண் வந்தார். சினிமா எடுப்பவர். பேய்ப்படம், ஆனால் ஆட்கள் சிரிக்கவும் வேண்டும் என்றார். அவருடைய கதையில் ரதி அழமாட்டாள். பேயாகி, தோட்டம் தோட்டமாகப் போய், மனைவியை அடிக்கும் ஆண்களின் தலைகளைச் சேர்த்து, சிவனிடம் கொண்டுபோய், இவற்றை வைத்துக்கொண்டு என் ஆளைத் திருப்பித் தா என்பாள். சிவன் யோசிக்க நேரம் கேட்பார்.

பாடசாலை மண்டபத்தில் ராஜநாயகம் சேலை கட்டி நடித்துக் காட்டினார். பிறகு ஷெனாலி ரப்பரில் செய்த ஒரு தலையைக் கையில் கொடுத்து, இப்போது அழாமல் நில்லுங்கள் என்றார். ராஜநாயகம் ஐந்து முறை முயன்றார். ஐந்து முறையும் கண்ணீர் வந்தது. அவருக்குத் தேநீர் கொண்டுவந்திருந்த என் தங்கை, அந்தத் தலையை மயிரைப் பிடித்து வாங்கி, வெளிச்சத்தில் திருப்பி, கழுத்து ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாள்.

"இத எங்க வைக்கணும்?" என்று கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு நீங்க வாங்க" என்றார் ஷெனாலி.

ராஜநாயகத்துக்கு மூன்றாவது பிணமாக வேலை கிடைத்தது. மலையிறங்கும்போது அவர் என்னிடம் சொன்னார்: "ரதி வேஷம் பொம்பளைக்குச் சரிவராது, மச்சான்."

படப்பிடிப்பில் ஒரு காட்சி, ரதியைச் சுற்றிப் பதினொரு பெண்கள் நிற்பது. பதினொருவரும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள். தப்பு மேளம் அடிப்பவர்களிடம் ஏதாவது அடியுங்கள் என்று சொல்லப்பட்டிருந்தது. அவர்கள் திருவிழாவில் அம்மனை அழைக்கும் அடியை அடித்துவிட்டார்கள். பதினொரு பேருக்கும் சாமி வந்துவிட்டது. ஷெனாலிக்கு முதலில் மிகவும் சந்தோஷம். நிறுத்தச் சொன்ன பிறகும் ஒருவரும் நிற்கவில்லை. கமராக்காரர் ஷியாம் ஜீப்பின் மேல் ஏறிவிட்டார். பேய்ப்படம் எடுக்க வந்தவர்களிடம் சாமியை மலையேற்ற ஒரு துண்டு கற்பூரமோ எலுமிச்சம்பழமோ இல்லை. நடுவில் நின்ற என் தங்கை, வாயில் பொருத்திய பேய்ப்பல்லைக் கழற்றாமலே, கொழுந்து நிறுக்கிறார்கள் என்று சத்தம் போட்டாள். பதினொரு பேரும் உடனே நின்று தங்கள் சாக்கைத் தேடினார்கள். படத்தில் அதுதான் மிகச் சிறந்த இடம் என்று ஷெனாலி சொன்னார்.

அடுத்த வருடம் ஜூலையில், நடித்தவர்கள் எல்லோரும் சம்மதக் கடிதம் தர வேண்டியிருந்தது. என் தங்கை இரண்டாம் வகுப்போடு தம்பியைப் பார்க்க வீட்டில் நின்றவள். என்னை எட்டுவரை அனுப்பினார்கள். பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம் முதல் அவளுடைய லீவுக் கடிதம்வரை ராஜநாயகமே கையெழுத்து வைப்பார். இந்த முறை வாக்காளர் படிவம் என்று சொல்லி அவளிடம் கைநாட்டு வாங்கி அனுப்பினார். அதில், என் முகம் படத்தில் வருவதில் எனக்குச் சம்மதமில்லை என்று எழுதியிருந்தது.

ஆகஸ்ட் ஐந்தாம் திகதி ஷெனாலி எனக்குத் தொலைபேசியில் சொன்னார். வேண்டாம் என்று ஒரு கைநாட்டு இருக்கும்போது, வேண்டும் என்று இன்னொரு கைநாட்டை நம்பமாட்டேன் என்கிறாராம் சட்டத்தரணி. அவள் தன் கையால் பெயர் எழுத வேண்டும். பத்து நாளில் கிடைக்காவிட்டால் அவள் வரும் இடங்களை எல்லாம் வெட்ட வேண்டும்.

நான் விஷயத்தைச் சொன்னபோது ராஜநாயகமும் வீட்டில் இருந்தார்.

"வாக்காளர் பாரம்னு சொன்னீங்களே" என்றாள் அவரிடம்.

"ஒனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே. என்னான்னு சொன்னா என்னா?"

"என்னைய வெட்டுனா அந்தப் பதினொரு பேரும் போயிருவாங்க. நடுவுல நான்தான நிக்கிறேன். அவங்க ஒங்கள என்னா செஞ்சாங்க?"

ராஜநாயகம் மீசையைத் தடவினார். பிறகு, "பத்தொம்பது வருஷம் அழுதேன். ஒருத்தன் படம் புடிக்கல" என்றார்.

என் தங்கை யோசித்தாள். "அது வாஸ்தவந்தான்" என்றாள். பிறகு என்னிடம் பேனை கேட்டாள்.

அவளுக்குப் பதிலாக நானே எழுதித் தரவா என்று கேட்டேன்.

"நீங்க எழுதுனா நீங்க சம்மதிச்சதாத்தான அண்ணே இருக்கும்."

கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அவள் பெயரை நான் எழுதிக் கொடுத்தேன். அவள் பார்த்து எழுதினாள். கொழுந்தைக் கிள்ளுவது போலப் பேனையைப் பிடித்ததால் இரண்டு பேனைகள் உடைந்தன. மூன்றாம் நாள் 'சு' வந்தது. 'ந்த' இரண்டு நாள் எடுத்தது. ஆறாம் நாள் ராஜநாயகம் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"'ர'வுக்குக் காலு குட்டை" என்றார்.

"ஒங்க காலு படத்துல நல்லாத் தெரியுதாம்" என்றாள் அவள், திரும்பாமல்.

"எவ்வளவு நேரம்?"

"ஒம்பது செக்கன்."

அவர் உள்ளே போனார். மறுநாள் மேசையில் ஒரு புதுப் பேனை இருந்தது.

ரத்தோட்டையில் யாகூப்பின் தேநீர்க்கடையில் ஷெனாலி சம்மதத் தாளை வைத்தார். என் தங்கை அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டாம் தடவை, ஷெனாலி ஒரு வரியைத் தவறவிட்டதைக் கண்டுபிடித்து அதையும் வாசிக்க வைத்தாள். பிறகு எழுதினாள். சுவர் மணிக்கூட்டில் இரண்டு நிமிடமும் கொஞ்சமும் ஆயிற்று. 'மா' மட்டும் கோட்டைத் தாண்டிப் போனது. அதைத் திருத்த வேண்டாம் என்றாள்.

கீழே திகதி போட வேண்டும். எண்கள் அவளுக்கு முன்பே தெரியும். அதையும் அவளே எழுதினாள்: 2024.08.14.