என் பெயருக்கு முன்னால் மூன்று எழுத்து

அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் தடித்த காகிதம், ஊதா மை, சாய்வான கையெழுத்து. விற்பனைக்கு மாட்டிய படத்தின் சட்டத்தில், கீழ் ஓரமாகச் செருகி வைக்கும் சீட்டு அது. அதில் பிரெஞ்சில் ஏழுமலை என்று என் பெயர். பெயருக்கு முன்னால் மூன்றே எழுத்து: எஃப், ஈ, யூ. சேர்த்துச் சொன்னால் ‘ஃபெ’. அலமாரியில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதைக் கிழித்துப் போடச் சொல்லி என் மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

எழுதியவரை நாங்கள் முசியே என்றுதான் கூப்பிடுவோம். பிறந்தது தமிழ்க் குடும்பம், குடியுரிமை பிரான்ஸ். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி அவருடைய கடை. கருங்காலி நாற்காலிகள், பீங்கான் ஜாடிகள், நின்றுபோன கடிகாரங்கள், சுவர் முழுக்கப் படங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய மறுவருஷம், ரெட்டியார்பாளையத்தில் ஒரு துணிக்கடைக்குப் பலகை எழுதிக்கொண்டிருந்த என்னை அவர் பார்த்தார். பலகையின் மூலையில் சும்மா ஒரு படகு போட்டிருந்தேன். அந்தப் படகுதான் என்னை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஊரைக் காலி செய்துகொண்டிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஊரைப் படமாக்கிச் சட்டம் போட்டு எடுத்துப்போக ஆசைப்பட்ட காலம். துறைமுகப் பாலம், மாதா கோயில், மீன்கூடையோடு நடக்கும் பெண்கள் என்று நான் வரைந்தேன், அவர் விற்றார். காசு விஷயத்தில் இன்றுவரை அவர்மேல் ஒரு சொல் சொல்ல மாட்டேன்.

அவர் படம் பார்க்கிற விதமே தனி. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தை மோந்து பார்க்கிறவர் போலக் குனிவார். ஒருமுறை மழை விட்ட கடற்கரைச் சாலையை வரைந்து கொண்டுபோனேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “செருப்பக் கழட்டிட்டுதான்டா இதுல நடக்கணும்” என்றார். அன்றைக்கு ரெட்டியார்பாளையம் வரை சைக்கிள் மிதித்ததே எனக்குத் தெரியவில்லை. என் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது டாக்டரைக் கையோடு அழைத்து வந்தவரும் அவர்தான். இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் நான் என் பக்கத்து நியாயத்தை மட்டும் பேசியவனாகிவிடுவேன்.

அவர் விதித்தது ஒரே கட்டுப்பாடு. கடையில் ஆள் இருக்கும்போது நான் வரக்கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரத்தில், பின்வாசல் வழியாக வர வேண்டும். வரைந்தவன் பக்கத்தில் நின்றால் படத்துக்கு மரியாதை போய்விடும் என்பார். தொழில் தெரிந்தவர் சொல்கிறார் என்று நானும் தலையாட்டினேன். ஆனால் எனக்கு உள்ளூர ஓர் ஆசை இருந்தது. படத்தை வாங்கியவர்களில் யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், என்னைத் தேடி வர வேண்டும். வந்து, நீதானா இதை வரைந்தவன் என்று கேட்க வேண்டும். ஆறு வருஷம் ஓடியது. ஈ காக்கை வரவில்லை. படம் விற்கிறதே தவிர யார் மனதிலும் நிற்கவில்லை, நம் யோக்கியதை இவ்வளவுதான் என்று எனக்குள்ளேயே குமைந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒரு மதியம், உள்ளறையில் கட்டி வைத்திருந்த என் படத்தில் அந்தச் சீட்டைப் பார்த்தேன். மூன்றாவது வரை பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். வகுப்புச் சுவரில் தொங்கிய படத்தில், எரிகிற அடுப்புக்குக் கீழே இதே மூன்று எழுத்து இருக்கும். என் பெயருக்கு முன்னால் எதற்கு நெருப்பு என்று கேட்டேன். முசியே கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியை நிதானமாகத் துடைத்தார். “உன் கையில நெருப்பு இருக்குடா. அதான் முன்னாடி போட்டேன்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சீட்டைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தேன். தயங்கித்தான் கொடுத்தார். அந்தத் தயக்கத்தைப் பெருந்தன்மை என்று நினைத்த மடையன் நான்.

பட்டம் கிடைத்துவிட்டது, இனிமேலாவது தேடி வருகிறவர்களுக்கு வீடு தெரியட்டும் என்று நல்ல தேக்குப் பலகை ஒன்றை வாங்கினேன். சீட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து பிரெஞ்சிலேயே எழுதினேன். முதல் மூன்று எழுத்துக்குச் சிவப்பு, பெயருக்குக் கறுப்பு. வாசலில் மாட்டிவிட்டு எதிர்ச்சாரியில் நின்று பார்த்தபோது வாயெல்லாம் பல்.

நான்காம் நாள் ஒருவர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா, மூலக்குளம் பக்கத்துக்காரர். பலகையைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். அடுப்படியிலிருந்து ஓடிவந்த என் மனைவியிடம் மெல்லிய குரலில், “எப்பம்மா தவறிட்டாரு? சின்ன வயசா?” என்று கேட்டார். அவள் திருதிருவென்று விழிக்க, சாயம் பட்ட கையோடு நான் வெளியே வந்து, ஏழுமலை நான்தான் என்றேன். அவர் என்னையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகுதான் சொன்னார், பெயருக்கு முன்னால் அந்தச் சொல் வந்தால் காலஞ்சென்ற என்று அர்த்தமாம். இறந்தவர்களுக்கு மட்டும் போடுவார்களாம். என்னைத் தேடி வந்த முதல் ஆள் துக்கம் விசாரிக்க வந்தவர்.

கையைக்கூடக் கழுவாமல் கிளம்பினேன். ஆறு வருஷத்தில் முதல்முறையாகக் காலை வேளையில், முன்வாசல் வழியாகக் கடைக்குள் நுழைந்தேன். கப்பலேறப்போகும் வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி என் கடற்கரைப் படத்தைக் கையில் வைத்திருந்தாள். முசியே தன் நெஞ்சைத் தொட்டு, இருமிக் காட்டி, எதையோ உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. ஒரு நொடிதான். உடனே என் பக்கம் கை நீட்டி அந்த அம்மாளிடம் ஏதோ சொன்னார். அதில் ‘ஃப்ரேர்’ என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. சகோதரன். செத்துப்போன ஏழுமலைக்கு நான் தம்பி.

அந்த அம்மாள் படத்தை வைத்துவிட்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சாயம் ஒட்டுமே என்றுகூடப் பார்க்கவில்லை. படத்தைக் காட்டி, என் முகத்தைப் பார்த்து, என்னென்னவோ சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் ஆறு வருஷமாகக் காத்திருந்த பேச்சு அதுவாகத்தான் இருக்க வேண்டும். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சு தெரியவில்லை. தெரிந்த நன்றியைச் சொன்னேன், “மெர்சி மதாம்.” இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

அவள் போன பிறகு முசியே என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“செத்தவன் படம்னாதான்டா உடனே எடுக்கறாங்க. உயிரோட இருக்கறவன் நாளைக்கும் வரைவான், அப்பறம் பாத்துக்கலாம்னு போயிடறாங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிங்களா முசியே? நெருப்புன்னு சொன்னிங்களே.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அதுவும் அந்த வார்த்தைக்கு அர்த்தந்தான்” என்றார்.

அதற்குமேல் அந்தக் கடைப் படி ஏறவில்லை. வீட்டுப் பலகையைக் கழற்றி, சுரண்டி, கோழிக்கூண்டுக்குக் கதவாக்கினேன். அடுத்த வருஷம், பிரெஞ்சுக்காரர்களின் கணக்கு இந்த ஊரில் முழுதாக முடிந்தபோது, முசியேயும் பாரிஸ் போய்விட்டார். போகுமுன் ஆளனுப்பினார், நான் போகவில்லை. கடல் தாண்டி எத்தனையோ வீட்டுச் சுவர்களில் நான் காலஞ்சென்றவனாகத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். செத்தவனை யார் தேடி வருவார்கள்?

எனக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சீட்டு கண்ணில் படுகிறது. அந்த மூன்று எழுத்தை என் கண் இன்னும் முதலில் நெருப்பு என்றுதான் படிக்கிறது. ஒரு நொடி சந்தோஷமாக இருக்கிறது, அதற்குப் பிறகுதான் சொல்தாவின் தொப்பி ஞாபகம் வருகிறது. அந்த ஒரு நொடிக்காகத்தான் கிழிக்காமல் வைத்திருக்கிறேன் என்று மனைவியிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.