வௌவால்களுக்குக் காவல்

சல்லடையை மடியில் வைத்துக்கொண்டு மணல் சலித்துக்கொண்டிருந்தார் டார்ச். வீடு கட்டவா? அதெல்லாம் இல்லை. குகை வாசலில், இரும்புக் கதவுக்கு உள்பக்கம், மாவு போலப் பரப்பி வைப்பதற்கு. எவனாவது உள்ளே புகுந்தால் தடம் விழுந்துவிடும். "என் கண்ணுல மண்ணைத் தூவலாம். மண்ணு மேலயே மண்ணைத் தூவ முடியுமா?" என்று கேட்பார். முடியாது என்று சட்டென்று பதில் சொன்னால் போச்சு. இவன் ஏன் பதிலைத் தயாராக வைத்திருக்கிறான் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

பார்ப்பது காவல் வேலை. பட்டப்பகலிலும் எதிரே வருபவர் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்; பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பால்காரர் வழக்கத்தைவிட நன்றாகச் சிரித்துவிட்டால் அன்றைக்குப் பாலை முகர்ந்து பார்ப்பார். மனைவி ஒரு கை கூடுதலாகச் சமைத்தால், "யாரு வராங்க?" என்பார். அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை. "உங்க சந்தேகம்தான் வருது. அதுக்கும் ஒரு தட்டு வைக்கவா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

அவர் காவல் காத்தது வௌவால்களை. குளிர்காலம் முழுக்க அந்தக் குகைக் கூரையில் கொத்துக் கொத்தாகத் தொங்கித் தூங்குகிற கூட்டம். போன குளிர்காலத்தில் அவற்றின் மூக்கில் வெள்ளையாக ஒரு பூஞ்சை பூத்தது. பூஞ்சை அரிக்க அரிக்க வௌவால் பாதித் தூக்கத்தில் விழித்துக்கொள்ளும். விழித்தால், உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் கொழுப்பு கரையும். வெளியே தின்ன ஒரு பூச்சி இருக்காது. பட்டினியில் சாகவேண்டியதுதான். அப்படிப் பாதிக் கூட்டம் போய்விட்டது.

"பூஞ்சை பாதி வேலையைத்தான் செய்யுது, ஐயா. மீதி நாம செய்யறது" என்று வௌவால்களை ஆராய வந்த ஆராய்ச்சிக்காரப் பெண் விளக்கிச் சொல்லியிருந்தாள். பக்கத்துக் குவாரியின் வெடி, வேடிக்கை பார்க்க வருபவர்களின் பேச்சு, வெளிச்சம் எல்லாமே தட்டி எழுப்புகிற கைகள். இந்தக் குளிர்காலத்தைத் தூங்கிக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பவை பிழைக்கும். அதற்காகத்தான் கதவு போட்டு, பூட்டு மாட்டி, இவரை உட்காரவைத்தார்கள்.

நாய் வாலாட்டினாலும் காரணம் கேட்கிற மனுஷன், இந்த வௌவால்கள் மேல் உயிரையே வைத்திருந்தார். "தூங்குற பிள்ளையைக் கிள்ளி எழுப்புறவன் மனுஷனா?" என்று கொதிப்பார்.

குவாரி குளிர்காலம் முடியும்வரை வெடி வைப்பதை நிறுத்தியிருந்தது. அப்படியும் வாசல் பக்கம் செத்த வௌவால்கள் கிடந்தன. எவனோ உள்ளே போகிறான். யார்? டார்ச்சின் சந்தேகம் நேராகப் போய் நின்றது சொந்த மாப்பிள்ளையிடம். குவாரியில் மெஷின் ஓட்டுகிறவர். கதவுக்குப் பூட்டு வாங்கி வந்தவரும் அவர்தான். "பூட்டு வாங்கினவருக்கு இன்னொரு சாவி போடத் தெரியாதா?" என்று வீட்டில் வைத்தே கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மகள் அவரோடு பேசுவதில்லை. மாப்பிள்ளை மட்டும் சாயங்காலமானால் ஃப்ளாஸ்க்கில் டீ கொண்டுவந்து, "குடிங்க மாமா" என்பார். மாமா முறைத்துக்கொண்டே குடிப்பார்.

மணலில் வேற்று ஆள் தடம் ஒன்றுகூட விழவில்லை. அதுதான் அவர் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. "பெருக்கிட்டுப் போறான். பலே கில்லாடி." ஆகவே காவலைக் கெட்டியாக்கினார். பூஞ்சை பரவாமலிருக்க பூட்ஸை மருந்துத் தண்ணீரில் நன்றாக முக்கிக்கொண்டு, கடைசி அறை வரை போய், ஒவ்வொரு கொத்தின் மேலும் டார்ச் அடித்து, ஏதாவது குறைகிறதா என்று பார்ப்பார். சில வௌவால்கள் சிறகைச் சிலுப்பும். இப்போதுதான் எவனோ எழுப்பிவிட்டுப் போயிருக்கிறான் என்று பல்லைக் கடிப்பார். வெளியே வந்து மணலைப் பழையபடி சமன் செய்து வைப்பார்.

ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். செத்துக் கிடந்த ஒன்றைக் கையுறையோடு தூக்கிப் பார்த்தாள். வெறும் தோல்.

"அடிக்கடி முழிச்சிருக்கு, ஐயா. யாரோ உள்ள போய் வராங்க. மணல்ல தடம் எதுவும் இல்லையா?"

"இல்லம்மா. என்னோடதுதான் இருக்கும்."

"உங்களோடதா?"

"நான் பார்க்கப் போறது. அது கணக்குல வராதே."

அவள் வௌவாலைக் கீழே வைத்தாள். "எப்பப்ப போவீங்க?"

"காலையில, சாயங்காலம். நடுவுல சத்தம் கேட்டா ஒரு நடை. காவல்னா சும்மாவா..."

"உள்ள யாரையும் விடாதீங்கன்னு சொல்லியிருந்தேனே, ஐயா."

"நான் யாரையும் விடலையே அம்மா" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளில் ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டாயிற்று, ஒரே ஒரு ஆளைத் தவிர.

எல்லாம் உங்களால்தான் என்று சொல்லமாட்டேன், இன்னும் கூட்டம் மிச்சம் இருக்கிறது, யாரும் போகாமல் இருந்தால் தாங்கும் என்று அவள் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று முழுக்க அவர் வெளியிலேயே நின்றார். மதியத்துக்கு மேல் உள்ளே ஏதோ பொத்தென்று விழுந்தது. கல்லாக இருக்கலாம். வௌவாலாகவும் இருக்கலாம். அல்லது உண்மையிலேயே எவனாவது இருந்தால்? ஒரே ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்தால் என்ன குறைந்துவிடும்? கை தானாகப் பூட்டை நெருடியது. அந்தக் கையைப் பார்த்து அவருக்கே பயமாக இருந்தது.

சாயங்காலம் ஃப்ளாஸ்க்கோடு மாப்பிள்ளை வந்தார். டார்ச் டீயைத் தொடவில்லை. சட்டையின் உள்பையிலிருந்து குகைச் சாவியை எடுத்து மாப்பிள்ளை உள்ளங்கையில் வைத்தார்.

"எனக்கு எதுக்கு மாமா?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க மாப்பிள்ளை. நான் வந்து கேட்பேன். சண்டை போட்டாலும் குடுக்காதீங்க."

சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் விரல்களைத் தன் இரண்டு கையாலும் ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.