மூன்று மணிக்குப் பாடுகிறவன்

மலேசியாவில், போர்ட் கிள்ளான் கிடங்கில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்த முதல் வாரம், மதியம் மூன்று மணிக்கு, பேக்கிங் மேசை ரேடியோவில் ஒரு தமிழ்ப் பாட்டு வந்தது. உறுமி மேளம் அடிக்கிறார்கள், அதற்கு மேலே எலெக்ட்ரிக் கிதார் கத்துகிறது. எனக்குத் தெரியாத தமிழ்ப் பாட்டு என்று ஒன்று இருப்பதே எனக்கு அவமானமாகப் போயிற்று. “எந்தப் படம்?” என்று சூப்பர்வைசர் குணாவிடம் கேட்டேன். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். “படம் இல்லலா அண்ணே. பேண்டு. நம்ம கிள்ளான் பசங்க,” என்றார். நான் விடவில்லை. “சரி, படம் எப்ப வருது?” என்றேன். குணா என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

என் மேல் தப்பில்லை. நான் வளர்ந்த அருப்புக்கோட்டையில் ரேடியோ என்றால் சினிமாப் பாட்டு, நடுநடுவே பூச்சிமருந்து விளம்பரம், அவ்வளவுதான். நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போடுவது எங்கள் தெரு இளவட்டங்களின் முழுநேரத் தொழில். பாட்டுக்கு ஒரு வரி; மீதி அட்டை முழுக்க எங்கள் பெயர், அப்பா பெயர், தெரு, ஊர், வேலை பார்க்கும் கடை. ஒருநாள் என் பெயரை வாசித்துவிட்டார்கள். அதுவரை என்னை ‘டேய்’ என்று கூப்பிட்ட டீக்கடைக்காரர் அன்று ‘வாங்க தம்பி’ என்றார். பெயரும் ஊரும் ரேடியோவில் வந்தால் மனுஷன் ஒரு படி உயர்ந்துவிடுகிறான் என்று அன்றைக்கு மனதில் பதிந்தது. அந்தப் புத்தியோடுதான் விமானம் ஏறினேன்.

மூன்று மணி நிகழ்ச்சி உள்ளூர்க் கலைஞர்களுக்கு மட்டுமானது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பெண், கையில் ஒரு கிதார் மட்டும் வைத்துக்கொண்டு, எல்ஆர்டி ரயிலில் அசந்து தூங்கி இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டதைப் பாடினாள். பிரிக்ஃபீல்ட்ஸ் பையன்கள் மூன்று பேர் டிரம்ஸ் உடைந்துவிடும் போல அடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் காலிசெய்துவிட்டுப் போனதைப் பாடினார்கள். ஒருவர் ரப்பர் தோட்டத்துப் பழைய பாட்டுகளை மவுத் ஆர்கனோடு திரும்பப் பாடினார். காதலையும் மழையையும் விட்டால் தமிழில் பாடுவதற்கு இத்தனை இருக்கிறது என்று எனக்கு நாற்பத்திரண்டு வயதில்தான் தெரியவந்தது. கேட்ட பெயர்களை எல்லாம் அட்டைப்பெட்டிக் கிழிசலில் எழுதி வைக்க ஆரம்பித்தேன்.

இந்தப் பைத்தியத்தில் எனக்குக் கூட்டாளி முருகேசன். பரமக்குடிப் பக்கத்து ஆள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவான். அந்தக் கிள்ளான் குழுவின் பாட்டில் ஒரு வரி வரும்: ‘ஏத்திவிட்ட கையெல்லாம் எந்தக் கரையில நிக்குதோ’. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களைப் பற்றியது. அந்த இடம் வந்தால் முருகேசன் வண்டியை நிறுத்திவிட்டு, பாடுகிறவனை விட ஒரு பிடி மேலே போய்ப் பாடுவான். தகரக் கூரை முழுக்க நிறையும். மலேசிய அண்ணன்மார்கள் கூடச் சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

அந்தக் குழுவோடு சேர்ந்து பாடி அனுப்புங்கள் என்று நிகழ்ச்சியில் ஒருநாள் சொன்னார்கள். முருகேசனுக்குத் தெரியாமல் என் போனில் பதிவு செய்து அனுப்பினேன். கூடவே எழுதினேன்: பாடியவர் இன்னார், இன்ன ஊர், இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷம், போர்ட் கிள்ளானில் இந்தக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அஞ்சலட்டைக் கை. ஒன்றையும் விடவில்லை.

வியாழக்கிழமை ஒலிபரப்பானது. அறிவிப்பாளினி ஒவ்வொரு விவரத்தையும் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். நான் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். முருகேசன் வண்டியிலிருந்து இறங்கி நேராக வந்து ரேடியோவை அணைத்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“என்னண்ணே இப்பிடிப் பண்ணிட்டீங்க? என் பெர்மிட்டு தெலுக் பங்லிமா காராங் ஃபேக்டரிக்குல்ல இருக்கு. இங்க நிக்கிறேன்னு ஊருக்கே சொல்லிட்டீங்களே.”

எனக்குத் தெரியாத விஷயமா இது? ஏஜென்ட் அந்த ஃபேக்டரி வேலைக்கென்று பெர்மிட் எடுத்து அவனை இங்கே அனுப்பியிருந்தது எனக்கு நன்றாகவே தெரியும். பிடிபட்டால் உள்ளே போட்டு, பிறகு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதும் தெரியும். பெயரை ரேடியோவில் கேட்கிற ஆசையில் அது என் தலையில் ஏறவே இல்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. குணா மட்டும் சிரித்தார். “ஒன்னும் ஆவாதுலா. ரேடியோ கேக்கறவன்லாம் நம்ம ஆளுங்கதானே?” நம்ம ஆள் என்கிற வார்த்தைக்குள் எத்தனை பேர் அடக்கம் என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு கிடங்கில் பாட்டு நின்றுபோனது. முருகேசன் வண்டியைப் பின்வாசல் பக்கமாகவே நிறுத்தினான். வெளியே லாரி ஹார்ன் அடித்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினோம். தெரியாத நம்பரிலிருந்து ஆபீஸுக்கு இரண்டு முறை போன் வந்தது. எடுத்தால் பேசாமல் வைத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு கார் வெகு நேரம் நின்றிருந்தது. யாருடையது என்று போய்க் கேட்க எனக்குத் துணிவில்லை. “வேற எடத்துக்குப் போயிரட்டுமாண்ணே?” என்று முருகேசன் கேட்டான். “ரெண்டு நாள் பாப்போம்,” என்றேன். எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை மதியம் ஒரு வெள்ளை வேன் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது. கழுத்தில் அட்டை தொங்க நான்கு பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் கருப்புப் பெட்டி. இறங்கியவர்களில் ஒரு பெண், “முருகேசன் யாருங்க?” என்று சத்தமாகக் கேட்டாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். தினமும் மூன்று மணிக்குக் கேட்கிற குரல். திரும்பி, “டேய், நில்லு, ரேடியோக்காரங்கடா!” என்று கத்தினேன். ஃபோர்க்லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஆள் இல்லை. பின்வாசல் திறந்து கிடந்தது.

கருப்புப் பெட்டிக்குள் கிதார் இருந்தது. கிள்ளான் குழு அவனோடு சேர்ந்து பாட வந்திருந்தது. “நாந்தான் வரச் சொன்னேன் அண்ணே. சர்ப்ரைஸ்லா,” என்றார் குணா. அவர் முகத்திலிருந்து மெல்ல மெல்லச் சிரிப்பு வடிந்துபோனது. அறிவிப்பாளினி ஒரு பழக்கூடையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றாள். “டாய்லெட் போயிருப்பாரா?” என்று கேட்டாள். பாவம், நல்ல பெண்.

பின்வாசலுக்கு அந்தப் பக்கம் சாலை, அதற்கப்பால் கன்டெய்னர் அடுக்குகள். அவன் எந்தப் பக்கம் போனான் என்று யாரும் பார்க்கவில்லை. போன் அணைந்திருந்தது. அவன் தங்கியிருந்த அறையில் துணி அப்படியே கொடியில் கிடந்தது. ஏஜென்டைக் கேட்டால் அப்படி ஓர் ஆளே தன்னிடம் இல்லை என்றார். பிடித்துவிட்டார்களா, ஒளிந்திருக்கிறானா, அதற்கும் மேலே ஏதாவது ஆகிவிட்டதா? யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் அதுவே காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும்.

நான்கு வாரம் ஆகிறது. முருகேசன் பாடிய அந்த வரி எல்லோருக்கும் பிடித்துப்போனதால், நிகழ்ச்சி தொடங்கும்போது இப்போது தினமும் அவன் குரலில் அதைத்தான் போடுகிறார்கள். இன்று அந்த வரி முடிந்த கையோடு என் போன் அடித்தது. முருகேசனின் மனைவி. ஒலிபரப்பான அன்றே, என்னிடம் கோபித்துக்கொண்ட சூட்டோடு, அவனே ரேடியோவின் லிங்க்கை அவளுக்கு அனுப்பியிருக்கிறான். இங்கே மூன்று மணி என்றால் ஊரில் பன்னிரண்டரை. உலையை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்பாளாம்.

“இப்பத்தாண்ணே பாடி முடிச்சாரு. நல்லாத்தான் இருக்காருபோலன்னு நெனச்சுக்கிட்டேன். போனத்தான் எடுக்க மாட்டேங்குறாரு.”

“வேலை ஜாஸ்திம்மா.”

 அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“தெனமும் அதே வரியத்தாண்ணே பாடுறாரு. நாளைக்கு வேற ஏதாச்சும் ஒரு வரி பாடச் சொல்றீங்களா?”

“சொல்றேன்மா,” என்றேன்.