ஓடுவதற்கு ஒரு சோகப் பாட்டு

என் முதல் ஆல்பம் வெளியான வாரத்தில் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "எந்தப் படம்?" திருப்பாதிரிப்புலியூரில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் கேட்டார்கள். எதிர் டீக்கடையில் கேட்டார்கள். அப்பா தன் நண்பர்களுக்கெல்லாம் லிங்க் அனுப்பிவிட்டு, "படமெல்லாம் இல்ல, சும்மா பாட்டு மட்டும்தான்" என்று, ஏதோ தப்பு நடந்துவிட்டதுபோல விளக்கிக்கொண்டிருந்தார்.

சும்மா எட்டுப் பாட்டு. நானே எழுதி, மெட்டமைத்து, பாடியவை. சிதம்பரத்தில் என் காலேஜ் தோழன் மாடியறையில் வைத்திருக்கும் சின்ன ஸ்டுடியோவில் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் போய்ப் பதிவு செய்தோம். அவனுக்குச் சோறு போடுவது ஆட்டோவில் ஒலிபரப்பும் ஜவுளிக்கடை விளம்பரங்கள். ஆடித் தள்ளுபடி வந்துவிட்டால் என் பாட்டு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போய்விடும்.

ஐந்தாவது பாட்டைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் பேசியதில்லை. காதலித்தவன் ஒருநாள் போனில், "எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்று முடித்துக்கொண்டபின் எழுதியது. மெதுவான பாட்டாகத்தான் கொண்டுபோனேன். தோழன்தான், "இதுக்கு டிரம் போட்டுப் பாக்கலாம்டி, அழுதுக்கிட்டே நடக்கிற மாதிரி இருக்கும்" என்று வேகத்தைக் கூட்டினான்.

ஆல்பத்தைப் பெரிதாக யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டின் கீழே மட்டும் தினமும் காலையில் கமெண்ட் வந்தது. பெண்கள், வெவ்வேறு பெயரில். எழுதியிருந்தது ஒன்றேதான்: "இன்னைக்கும் ஓடியாச்சு அக்கா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தோழனிடம் காட்டினேன்.

"சோகப் பாட்டக் கேட்டுட்டு வீட்டை விட்டு ஓடிடறாங்களோ என்னமோ?"

"தெனமுமா ஓடுவாங்க?"

"ஒரு நாளைக்கு ஒருத்தி. போலீஸ் வந்து உன்னத்தான் கேக்கப் போறாங்க."

அன்றைக்கே கமெண்டுக்குக் கீழே நான் கேட்டேன்: "எங்க ஓடுறீங்க?" மத்தியானம் பதில் வந்தது: "திட்டக்குடி கிரவுண்ட்லக்கா. போலீஸ் செலக்‌ஷனுக்கு. வந்தீங்கன்னா காட்டுறோம்."

காட்டுகிறோம் என்று கூப்பிட்டபின் போகாமல் இருக்க முடியுமா? விருத்தாசலத்தில் சித்தி வீட்டில் தங்கி, விடிந்ததும் பஸ் பிடித்தேன்.

மைதானத்தின் ஓரத்தில் செருப்புகளும் தண்ணீர் பாட்டில்களும் கிடந்தன. ஒரு ஸ்கூட்டியின் சீட்டில் சின்ன ஸ்பீக்கர். அண்ணன் தம்பிகளின் டீ சர்ட்டைப் போட்டுக்கொண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். நர்சிங் முடித்தவள், நடவுக்குப் போகிறவள், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவள். இந்தக் குழந்தைக்காரிதான் அவர்களுக்குத் தலைவி மாதிரி. இதைச் சொல்லும் இன்றைக்கு அவள் தேர்வாகிப் பயிற்சியில் இருக்கிறாள்; அன்றைக்கு மற்றவர்களோடு ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"மொத சரணம் முடிஞ்சு பல்லவி திரும்ப வரும்ல? அதுக்குள்ள ரவுண்ட முடிச்சிட்டா பாஸ்க்கா" என்றாள். "வாட்ச்சப் பாத்தா படபடப்பா இருக்குது. பாட்டுன்னா அது இல்ல."

பாட்டைப் போட்டார்கள். ஓடினார்கள். என் குரல் வெட்டவெளியில் யாருடையதோ போல ஒலித்தது. பல்லவி வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே கூடச் சேர்ந்து கத்தினார்கள். நான் எழுதியது "மறந்தா போச்சு". அவர்கள் கத்தியது "பறந்தா போச்சு".

"அது 'மறந்தா'ப்பா" என்றேன்.

"பறந்தாதான்க்கா. நீங்களே நல்லாக் கேளுங்க" என்றாள் நர்சிங் முடித்தவள்.

திரும்பப் போட்டுக் கேட்டோம். டிரம் அடி சரியாக என் 'ம' மேல் விழுந்து அதை விழுங்கியிருந்தது. பறந்தா போச்சு என்றுதான் கேட்டது. கொஞ்சம் வலித்தது. அந்த ஒரு சொல்லை அழாமல் பாடி முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் வலியைவிட வியப்புதான் பெரிதாக இருந்தது. நான் நினைக்கவே இல்லாத ஒன்றை என் குரலே இத்தனை நாளாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

குழந்தைக்காரி என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "யார மறக்குறதுக்கு எழுதினீங்க?"

சொன்னேன். அம்மாவிடம்கூடச் சொல்லாததை, பெயர்கூடத் தெரியாத ஒருத்தியிடம் முழுசாகச் சொன்னேன்.

"மறந்துட்டீங்களா?"

"பாதி."

"அப்ப வாங்க, ஒரு ரவுண்டு ஓடுவோம்."

துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினேன். பாதி மைதானம் தாண்டுவதற்குள்ளேயே பல்லவி திரும்ப வந்துவிட்டது. என் பாட்டில் நானே ஃபெயில். எல்லோரும் சிரித்தார்கள். நானும் மண்ணில் உட்கார்ந்து, மூச்சு வரும்வரை சிரித்தேன்.

அப்புறம் லாங் ஜம்ப். நடவுக்குப் போகிறவள், ஓடி வரத் தொடங்கும் தூரத்துக் கோட்டுக்குப் போகிற வழியில் நின்று, "இதுக்கும் ஒரு பாட்டு போடுங்கக்கா" என்றாள்.

"எப்படி இருக்கணும்?"

யோசித்தாள். "ஓடி வர்றப்ப இருக்கணும். குதிக்கிறப்ப பாட்டு இருக்கக் கூடாது."

"ஏன்?"

"மேல இருக்கறப்ப எனக்கு எதுவும் கேக்காதுக்கா."

மணல் குழிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். போனில் ரெக்கார்டரை ஆன் செய்து, அவள் காலடி கேட்கும்படி தரையில் வைத்துவிட்டு, அவளை ஓடி வரச் சொல்லிக் கையசைத்தேன்.